பால் சொசைட்டிக்குப் பின்னால

ஏறுங்க சார், ஏறுங்க. அட, நனையறீங்கல்ல, மொதல்ல உள்ள வாங்க. உங்க பைக்கு அங்கயே கெடக்கட்டும், இந்த ரோட்டுல ஆரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. செயின் அந்து போச்சுங்களா? காளிமேட்டுல ஒரு மெக்கானிக் இருக்கறான். அங்க எறக்கி உட்டுடறேன். கால் மணி நேரம், அவ்வளவுதான்.

ஸ்கூல் பஸ்ஸுல வெளியாளுகள ஏத்தக் கூடாதுங்க. ரூல்ஸ் அப்படி. நா ரூல்ஸ்ல கொஞ்சம் கறார்தான். ஆனா இந்த நேரத்துல வண்டி காலிங்க. காளிமேடுதான் மொத ஸ்டாப்பு, ஏழு மணிக்கு. அங்க ஒரே ஒரு அம்மிணி ஏறும். அது ஏறறதுக்கு முன்னால நீங்க எறங்கிரோணும். கோவிச்சுக்காதீங்க.

கனிஷ்கான்னு பேருங்க. அஞ்சாவது படிக்குது. நா கனின்னுதான் கூப்புடுவேன். அந்த அம்மிணிய வெச்சுத்தாங்க ஊரே என்னையப் பேசுது. எந்த டீக்கடையில வேணாலும் கேட்டுப் பாருங்க. 'நாச்சிமுத்துவா? பெத்தவ மொகத்தக் கடைசியாப் பாக்க உடாமப் பண்ணுன டிரைவருதான'ம்பான். பத்தொம்பது வருசமுங்க. ஒரு புள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா, ஒரு நாளு லேட்டு உண்டா? அதெல்லாம் எவனுக்கும் ஞாபகம் வராது. அந்த ஒரு நாளத்தான் புடிச்சுக்கிட்டாங்க.

நீங்க வெளியூரு. ஒரு பக்கமும் சாயாமக் கேப்பீங்க. கேட்டுப்போட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல தப்பு இருக்குதான்னு. ஆனா முழுசாக் கேக்கோணும். பாதியிலயே தீர்ப்புச் சொல்லிப்போடக் கூடாது.

ஆவணி மாசமுங்க. செவ்வாக்கெழம. அப்ப அவங்க ஊடு காளிமேட்டுல இல்ல, புங்கங்காட்டுல. அம்மாளும் புள்ளையும் மட்டுந்தான். அப்பன் அது கைக்கொழந்தையா இருக்கறப்பவே போயிட்டான். அம்மா பேரு பூங்கொடி. முருங்கைக் காட்டுக்குக் காய் பறிக்கப் போற பொண்ணு. வாயே தொறக்காது. ஆனா காத்தால புள்ளைய ஏத்தி உடறப்ப மட்டும் எங்கிட்ட ஏதாச்சும் ஒண்ணு சொல்லும். அன்னைக்கு, 'அண்ணா, சளி புடிச்சிருக்குது, சன்னலோரம் உக்கார உட்டுடாதீங்க'ன்னுச்சு. சரி அம்மிணின்னேன். அவ்வளவுதாங்க. அந்தப் பொண்ணு கடைசியா எங்கிட்டப் பேசுனது அதுதான்.

மத்தியானம் மூணேகால் இருக்கும். நா ஸ்கூல் கிரவுண்டுல வண்டிக் கண்ணாடிய தொடச்சுட்டு இருந்தேன். போன் வந்துச்சு. புள்ளையோட தாய்மாமன், ஈஸ்வரன்னு பேரு, காளிமேட்டுக்காரன். அழுதுட்டே பேசறான். 'அண்ணா, அக்காளப் பாம்பு கடிச்சுப்போடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சு போச்சு. போஸ்ட்மார்ட்டமெல்லாம் பண்ணி ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம்'ங்கறான். காத்தால பேசுன பொண்ணு.

அப்புறம் சொன்னான். 'கனிகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கண்ணா. வழக்கம்போலக் கூட்டிட்டு வந்துருங்க. அஞ்சு மணிக்கு எடுக்கறோம். அவ வந்து மொகத்தப் பாத்ததும் எடுத்துருவோம். ஒடம்பு தாங்காது, ரொம்ப நேரம் வெக்க முடியாது'ன்னான்.

ஆமாங்க. சொன்னான். அஞ்சு மணின்னு சொன்னான். நா இல்லேன்னு சொல்லல. உங்ககிட்ட எதுக்கு மறைக்கோணும்?

ஆனா நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கம் எந்த எழவு சொன்ன நேரத்துக்கு எடுத்துருக்கறாங்க? அஞ்சு மணிம்பாங்க. அப்புறம் பல்லடத்துல இருந்து பெரியப்பன் வரோணும், கரூருல இருந்து அத்தை வரோணும், பஸ் கெடைக்கல, இன்னும் அரை மணி நேரம் பொறுங்கம்பாங்க. எங்க சித்தப்பன் எழவுக்கு மூணு மணின்னு சொல்லி பொழுது உழுகற நேரத்துக்குத்தான் எடுத்தாங்க. அஞ்சுன்னா ஆறரைன்னு எனக்கு அனுபவத்துல ஒரு கணக்குங்க. ஆராயிருந்தாலும் அப்படித்தான நெனைப்பாங்க?

நாலு மணிக்கு பெல்லடிச்சாங்க. புள்ளைக ஓடி வருது. கனி எல்லாத்துக்கும் முன்னால, பை ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம்னு பறந்து வருது. 'அண்ணா! அண்ணா! என்னைய ஜோனல்ல ஓடறதுக்கு எடுத்துட்டாங்க! நூறு மீட்டரு! அஞ்சாவதுல நா ஒருத்திதான்!' கையில ஒரு பேப்பரு. அதுல அம்மா கையெழுத்து வேணுமாம். நாளைக்கே குடுக்கோணுமாம்.

நா என்ன பண்ணுவேன் சொல்லுங்க.

ஆயாம்மா அன்னைக்குன்னு பாத்து லீவு. அது இருந்திருந்தா பொம்பள, ஏதாச்சும் பாத்துப் பண்ணியிருக்கும். கனி எம் பக்கத்துல இன்ஜின் மேல கையூனிட்டு நின்னு எங்கிட்டச் சொல்லுது: 'அண்ணா, எங்கம்மாகிட்ட நீங்க சொல்லிராதீங்க. நாந்தான் சொல்லுவேன். மொதல்ல மொகத்த உம்முன்னு வெச்சுக்குவேன். அம்மா என்னடீங்கும். மிஸ்ஸு கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னு பேப்பர நீட்டுவேன். அம்மா பயந்துக்கும். அப்புறம் சொல்லுவேன்'னு. அதையே நடிச்சு வேற காட்டுது. ஒதட்டப் பிதுக்கிட்டு, கண்ணக் கீழ போட்டுட்டு. மத்த புள்ளைகெல்லாம் சிரிக்குது.

எங்க ரூட்டு ஒரு வட்டமுங்க. கேட்ட உட்டு வெளிய வந்து வலப்பக்கம் திரும்புனா புங்கங்காடு மூணாவது ஸ்டாப்பு, நாலு நாப்பதுக்குப் போயிருவேன். இடப்பக்கம் திரும்புனா புங்கங்காடு கடைசி.

நா இடப்பக்கம் திருப்புனேன்.

தப்பா? சொல்லுங்க. அந்த மொகத்தப் பாத்துட்டு நீங்க வலப்பக்கம் திருப்பியிருப்பீங்களா? போனவ போயிட்டா. ஒரு மணி நேரம் முன்னாடி போனா எந்திரிச்சு வந்துருவாளா? இந்தப் புள்ளைக்கு அம்மா இருக்கறான்னு நெனைச்சுச் சிரிக்கறதுக்கு இந்த ஒரு மணி நேரந்தான் மிச்சம். அதையும் நாம எதுக்குப் புடுங்கோணும்? இருந்துட்டுப் போகட்டும்னு நெனைச்சேன். பாவ புண்ணியம் பாக்கற எவனும் அப்படித்தான் நெனைப்பான்.

புள்ளைக கேட்டுச்சு, ஏண்ணா இந்தப் பக்கம் போறோம்னு. அந்தப் பக்கம் ரோடு தோண்டியிருக்கறாங்கன்னு சொன்னேன். பேக்கரி வந்துச்சு. நிறுத்துனேன். பதினாலு புள்ளைகளுக்கும் தேங்காய் பன்னு வாங்கிக் குடுத்தேன். எதுக்குண்ணா, எதுக்குண்ணான்னு எல்லாம் கத்துது. கனி ஜெயிச்சுட்டாள்ல, அதுக்குன்னேன். ஒரே கைதட்டு. இது மொகம் அப்படியே செவந்து போச்சு. அன்னைக்கு இருந்த அந்தச் சிரிப்பு... நா பெத்த புள்ளை கூட எங்கிட்ட அப்படிச் சிரிச்சதில்லீங்க.

போனு? போன நா ஓட்டறப்ப எடுக்கவே மாட்டேனுங்க. இன்ஜின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாலயே சைலன்ட்ல போட்டு இந்தப் பொட்டிக்குள்ள வெச்சு மூடிருவேன். பத்தொம்பது வருசமா அப்படித்தான். கரஸ்பாண்டென்ட்டு மத்த டிரைவருகள என்னையக் காட்டித்தான் வெய்வாரு, 'நாச்சிமுத்தப் பாருங்கடா'ன்னு. அன்னைக்கும் அப்படித்தான் வெச்சேன். அப்புறம் எடுத்துப் பாக்கறேன், இருவத்தி மூணு மிஸ்டு கால்.

ஒவ்வொரு ஊரா புள்ளைக எறங்குது. மணி அஞ்சு, அஞ்சே கால், அஞ்சரை. கடைசியா இது ஒண்ணுதான். முன் சீட்டுல வந்து உக்காந்துட்டு பாடிட்டு வருது. அஞ்சே முக்கால் இருக்கும், புங்கங்காட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கறப்ப எதுத்தாப்பல சத்தம் கேக்குது. தப்பட்ட சத்தம். வெடிச் சத்தம்.

இங்க உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். எழவு எதுக்க வந்தா நா ஒரு பழக்கம் வெச்சிருக்கறேனுங்க. சின்னஞ்சிறுசுக, பயந்துக்கும். காச்சல் வந்துரும். அதனால ரோட்ட உட்டு எங்காச்சும் வண்டிய ஒதுக்கி நிறுத்திப்போட்டு, 'எல்லாரும் கண்ண மூடுங்க, அண்ணன் சொல்ற வரைக்கும் தொறக்கப்படாது'ம்பேன். புள்ளைகளுக்கு அது ஒரு வெளையாட்டு மாதிரி. ஒண்ணு வெரல் சந்துல பாக்கும், இன்னொண்ணு மாட்டி உடும். பெத்தவங்களுக்கெல்லாம் இது ரொம்பப் புடிக்கும்.

அந்த எடத்துல பால் சொசைட்டி இருக்குது. அதுக்குப் பின்னால வண்டிய உட்டு நிறுத்துனேன். 'கண்ண மூடிக்கோ கண்ணு'ன்னேன். அது பன்ன மடியில வெச்சுட்டு ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்திக்கிச்சு.

சொர்க்க ரதம் வண்டி போச்சு. முன்னால ஈஸ்வரன் சட்டையில்லாம, கொள்ளிச்சட்டியோட உக்காந்திருக்கறான். கண்ணாடி வழியா அந்தப் பொண்ணு காலு தெரிஞ்சுதுங்க. மஞ்சப் பூசியிருந்தாங்க.

அப்பவும் எனக்கு அது ஆருன்னு தோணல... இல்ல. தோணுச்சு. இத்தன நேரம் சொல்லிப்போட்டு இதுல எதுக்குப் பொய்? தோணுச்சுங்க. ஆரன் ஒண்ணு அடிச்சிருந்தா நின்னிருப்பாங்க. பத்தடி. எந்திரிச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா பத்தடியில பாத்துருக்கும். கை ஆரனு மேலதான் இருந்துச்சு. ஆனா அப்ப நெனைச்சுப் பாருங்க, நடுரோட்டுல, தப்பட்டைக்கும் வெடிக்கும் நடுவுல, துணியச் சுத்திக் கட்டுன ஒடம்பக் காட்டி, இதுதான் உங்கம்மான்னா? ஊட்டுக்குப் போகட்டும், பொம்பளைக இருப்பாங்க, மடியில போட்டுக்கிட்டுப் பக்குவமாச் சொல்லிக்குவாங்கன்னு நெனைச்சேன். பொட்டப்புள்ளைகள மயானத்துக்கு அனுப்ப மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். ஊட்டுல பாத்தாத்தான் உண்டு, எடுத்துட்டா முடிஞ்சுதுன்னும் தெரியும். ஆனா அந்த நேரத்துல அதெல்லாம் மண்டைக்கு வல்லீங்க. புள்ள பயந்துக்கும்ங்கறது ஒண்ணுதான் இருந்துச்சு.

கண்ணப் பொத்திக்கிட்டே கேட்டுச்சு. 'ஆருண்ணா செத்துட்டாங்க?'

தெரியாது கண்ணுன்னேன்.

'எங்கூரு ஆளா?'

தெரியாது கண்ணு.

வண்டி போற வரைக்கும் அது ஒரு தடவ கூட வெரல வெலக்கலீங்க. அவ்வளவு சொன்ன பேச்சுக் கேக்கற புள்ள.

ஊட்டுகிட்டப் போயி நிறுத்தறேன், பந்தலு போட்டிருக்குது. ரெண்டு பேரு சேருகள அடுக்கிட்டு இருக்கறாங்க. பொம்பளைக குடங்குடமா தண்ணிய ஊத்தி ஊட்டக் கழுவி உடறாங்க. எழவு எடுத்ததும் கழுவுவாங்கல்ல, அதுதான். இது படியில நின்னுட்டு என்னையத் திரும்பிப் பாக்குது. 'அண்ணா, எங்கூட்டுல என்ன விசேசமுங்க? அம்மா சொல்லவே இல்ல'ன்னுச்சு. அந்தப் பேப்பரு கையில இருக்குது. மொகத்த உம்முன்னு வெச்சுட்டு எறங்கிப் போச்சு.

உள்ள இருந்து ஒருத்தி பாத்துட்டு, 'அய்யோ, இப்ப வாறயே சாமி'ன்னு கத்துனா பாருங்க. நா வண்டியத் திருப்பிட்டேன். நிக்க முடியலீங்க. என்னைய ஏன்னு கேக்காதீங்க.

...

ஒண்ணுமில்ல. கண்ணாடியில தண்ணி. வைப்பரு சரியா வேல செய்யறதில்ல.

அஞ்சரை வரைக்கும் வெச்சிருந்தாங்களாம். அதுக்கு மேல தாங்காது, மூக்குல வாயில எல்லாம் வர ஆரம்பிச்சிருச்சு, பொழுது உழுகறதுக்குள்ள எரிச்சாகோணும்னு பெரியவங்க எடுக்க வெச்சுட்டாங்க. ஈஸ்வரன் கால்ல உழுந்து கெஞ்சுனானாம், புள்ள வரட்டும், புள்ள வரட்டும்னு. நாங் கேக்கறேன், இன்னொரு இருவது நிமிசம் வெச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? அதை ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். அவன் மேலயும் தப்பு இருக்குதா இல்லியா?

மூணாம் நாளு காரியம் முடிஞ்சதும் ஈஸ்வரன் ஸ்கூலுக்கு வந்துட்டான், ரெண்டு ஆளுகளோட. புள்ளையும் கூட வந்திருந்துச்சு. கரஸ்பாண்டென்ட்டு ரூம்புல என்னையக் கூப்பிட்டு நிறுத்துனாங்க. 'அஞ்சு மணின்னு நா சொல்லல? சொன்னனா இல்லியா?'ன்னு கேக்கறான். நா வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே புள்ள எம் பக்கத்துல வந்து நின்னுட்டு என்னைய மேல பாக்குது. 'அண்ணா, உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?'ன்னு கேட்டுச்சு.

அந்தக் கண்ணப் பாத்துட்டு ஆமான்னு சொல்ல முடியுங்களா சார்? உங்களுக்கு வாய் வருமா?

சிக்னல் சரியில்லன்னு சொன்னேன். 'அம்மிணியக் கூட்டிட்டு வாங்கன்னு மட்டுந்தான் கேட்டுச்சு, அப்புறம் கட்டாயிருச்சு. விசயம் எனக்குத் தெரியாது'ன்னேன்.

ஈஸ்வரன் என்னையவே பாத்தான். அடிக்க வருவான்னு நெனைச்சேன். அதுக்குள்ள இந்தப் புள்ள அவன் பக்கம் திரும்பிக் கத்துச்சு பாருங்க, அப்படி ஒரு கத்து நாங் கேட்டதேயில்ல. 'நீங்கதான் பொய் சொல்றீங்க! அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பாரு. நா அன்னைக்கே கேட்டேன், தெரியாதுன்னாரு. நீங்கதான் எனக்குக் காட்டாம அம்மாளத் தூக்கிட்டுப் போயி எரிச்சுட்டீங்க!'

அவன் ஒரு வார்த்த மறுத்துப் பேசல. அவங்கூட வந்தவங்க என்னென்னமோ பேசுனாங்க, அவன் கையக் காட்டி அடக்கிப்போட்டு, புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டான். என் வேல போகாம நின்னுச்சு. புள்ளை சொன்ன ஒரு சொல்லுலதான் நின்னுச்சு.

இப்ப அது மாமன் ஊட்டுலதான் இருக்குது, காளிமேட்டுல. அவனுக்கு இன்னும் கல்யாணமாகல. இவளக் கர சேத்தித்தான் கல்யாணம்னு சொல்லிட்டானாம். நல்லாத்தான் பாத்துக்கறான், இல்லேன்னு சொல்லக் கூடாது. சோறாக்கறான், தலை சீவி உடக் கத்துக்கிட்டான். ஆனா மூணு மாசமா புள்ள அவங்கிட்டப் பேசறதில்லீங்க. ஒரு வார்த்த இல்ல. அவன் போட்டு வெச்ச சோத்த அவன் வெளிய போனாத்தான் திங்குமாம். மாமான்னு கூப்புடாது. எங்கிட்டத்தான் எல்லாம் சொல்லும். வண்டியில ஏறுனா எறங்கற வரைக்கும் பேச்சுத்தான். ஊரு பூராவும் என்னையத் தூத்துது, அது ஒண்ணுதான் சார் என்னைய நம்புது.

அவன் தெனமும் காத்தால புள்ளைய ஏத்தி உட்டுப்போட்டு இந்த சன்னலுகிட்ட வருவான். சத்தம் போட மாட்டான், சண்ட போட மாட்டான். 'அண்ணா, நாஞ் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணா. எனக்கு அவள உட்டா ஆருமில்ல'ம்பான். நானும், சொல்றேன் தம்பி, சாயங்காலம் பக்குவமா சொல்றேன்னுவேன். சொல்லோணும்னுதான் நெனைக்கறேன், சத்தியமா. ஆனா சாயங்காலம் பாத்தா ஏதோ ஒண்ணுக்கு அது சிரிச்சுட்டு வந்து ஏறும். அந்தச் சிரிப்பப் பாத்துட்டு எப்படிங்க? இப்பத்தான் கொஞ்சம் தேறி வருது. கொஞ்ச நாள் போகட்டும். வெவரம் தெரியற வயசு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். புள்ள மனசு நோகக் கூடாது பாருங்க, எனக்கு அதுதான் முக்கியம்.

காளிமேடு வந்துருச்சு. அதா பாருங்க, கொடை புடிச்சுட்டு நிக்கறான்ல, அவந்தான் ஈஸ்வரன். புள்ள பாருங்க, அவங் கொடைக்குள்ள வராம பத்தடி தள்ளி நனைஞ்சுட்டே நிக்குது. அவங் கையில ஒரு துணிக்கடைப் பை இருக்குது பாருங்க. இன்னைக்கு அதுக்குப் பொறந்த நாளுங்க. கலர் டிரெஸ் போட்டுக்கலாம், ஆனா யூனிபார்மோட நிக்குது. அவன் எடுத்துக் குடுத்தத போட்டுக்கல போல.

பொறந்த நாளும் அதுவுமா இன்னைக்குப் போயி இதச் சொல்ல முடியுங்களா? நாளைக்குப் பாத்துக்கலாம்.

நீங்க எறங்கிக்கங்க சார். அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துக் கடைதான், தொறந்துதான் இருக்குது. என்ன, ஒண்ணும் சொல்லாம எறங்கறீங்க? தப்பா சரியான்னு கேட்டேனே... சரி, போகட்டுங்க, அப்புறம் பாக்கலாம். படி வழுக்கும், பாத்து.

வா கண்ணு, வா வா. பொறந்த நாளா, அண்ணனுக்குத் தெரியுமே! மகராசியா இருக்கோணும். என்ன, மிட்டாயா? மொத மிட்டாய் எனக்கா? ஏங் கண்ணு, மொதல்ல மாமாவுக்குக் குடுத்தியா? அதா நிக்கறாரு பாரு. கையை நீட்டறாரு பாரு, போயி ஒண்ணு குடுத்துட்டு வா.

பொய் சொல்றவங்களுக்குக் குடுக்க மாட்டியா?

சரி கண்ணு. ஏறு. நேரமாச்சு.